பத்தொன்பது நாள் காற்று இல்லை

காற்றாடி சுற்றவில்லை. முதலில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஒன்பது இருபது பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன், காற்று என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது, காலணிக்கு அடியில் மாட்டிய ஆணிகள் பனிக்கட்டியில் கறுக் கறுக்கென்று குத்த, கோழி பிடிக்கப் போகிறவள் மாதிரி குனிந்துகொண்டே அதன் பின்னால் ஓடினேன். எதிர்வீட்டு வேலியோரம் தொப்பியைப் பிடித்து நிமிர்ந்தால், ஜன்னல் பூந்தொட்டியில் யாரோ குழந்தை செருகிவைத்த பிளாஸ்டிக் காற்றாடி, இளஞ்சிவப்பு, ஐந்து இதழ். பனித்தூள் குறுக்காகப் பறக்கிறது, கொடிக்கம்பத்துக் கயிறு டக்டக்கென்று அடித்துக்கொள்கிறது, என் கண்ணில் நீர் வழிகிறது, இது மட்டும் வகுப்பில் தூங்குகிற பையன் மாதிரி அசையாமல் நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தேன். இதழ்களுக்கு நடுவே ஐஸ். விரலால் தட்டினேன், அசையவில்லை. சிரிப்புத்தான் வந்தது முதலில். இவ்வளவு காற்றில் சுற்றாத காற்றாடியைக் கண்டால் யாருக்கும் சிரிப்பு வரும். அப்புறம் என் அட்டவணை நினைவுக்கு வந்தது. ஜனவரி. பத்தொன்பது நாள். பேருந்து வந்துவிட்டது, ஏறினேன், அட்டையைக் காட்டினேன், ஓட்டுநர் ஏதோ சொன்னார், நானும் ஏதோ சொன்னேன்.

இந்த ஊர்ப் பேருந்தில் யாரும் யார் பக்கத்திலும் உட்காரமாட்டார்கள். வந்த புதிதில் என் பக்கத்தில் யாரும் உட்காராததற்குக் காரணம் நான்தான் என்று இரண்டு மாதம் மனசு நொந்துகொண்டேன், அப்புறம் பார்த்தால் அவர்களுக்குள்ளேயும் அப்படித்தான், வடக்கு ஸ்வீடனில் அதுதான் மரியாதை. இன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று. மடிக்கணினியைத் திறந்தேன். பதினொரு மணிக்குக் கூட்டம், பேருந்து போய்ச்சேர ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். மலைமேல் ஒரு கம்பம் இருக்கிறது, எண்பது மீட்டர், அதன் உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றும், சுற்றும் வேகத்தை வைத்துக் காற்றின் வேகம். போன வருஷம் முழுக்க, ஜனவரியிலிருந்து டிசம்பர்வரை, அது அளந்ததை எல்லாம் நான்தான் வடிகட்டிக் கணக்குப் போட்டேன். காற்றாலைப் படிப்பில் இரண்டாம் வருஷத்துக்கான என் வேலை அது. காடு கிராமத்துக்காரர்களுக்குச் சொந்தம், பதினேழு குடும்பம், அவர்களே கூடி மூன்று காற்றாலை வைக்கலாமா வேண்டாமா என்று இன்றைக்குக் கை தூக்கப் போகிறார்கள். சராசரி வேகம் நொடிக்கு ஆறரை மீட்டர் இருந்தால் வைக்கலாம். என் கணக்கில் ஆறு புள்ளி இரண்டு. ஆகவே வேண்டாம். கம்பத்தையும் மார்ச்சில் கழற்றிவிடுவார்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில் என் பெயர், எஸ். பகவதி. ஜனவரி மாதத்துக்குப் போனேன். ஆறாம் தேதி மாலை நாலு பத்துக்குப் பூஜ்யம். நாலு இருபதுக்குப் பூஜ்யம். ஏழாம் தேதி பூஜ்யம், எட்டாம் தேதி பூஜ்யம். திசை காட்டும் கருவி இருநூற்றுப் பன்னிரண்டு பாகை, இருநூற்றுப் பன்னிரண்டு, பத்தொன்பது நாளும் அதே இருநூற்றுப் பன்னிரண்டு. பக்கத்துக் கட்டத்தில் வெப்பம் மைனஸ் ஆறு, ஈரப்பதம் தொண்ணூற்றெட்டு. எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். பார்த்து, சரி, காற்று இல்லை, காற்று இல்லையென்றால் திசைமுள் எதற்குத் திரும்பும் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். கிண்ணங்கள் ஐஸில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன, அவ்வளவுதான், அந்தக் காற்றாடி மாதிரி.

எப்படித் தோன்றும் எனக்கு? ஆரல்வாய்மொழிக்காரிக்கு எப்படித் தோன்றும்? எங்கள் ஊரில் மார்கழி தை என்றால் காற்று படுத்துவிடும். வைகாசியில் எழுந்து, ஆடியில் சைக்கிளோடு ஆளைத் தள்ளி, கூரைத் தகரத்தைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய்ப் போட்டு, ஐப்பசியில் அடங்கிவிடும். அப்புறம் ஆயிரக்கணக்கான காற்றாலைகளும் சும்மா நிற்கும், அப்பாவும் சும்மா இருப்பார். பொங்கலுக்கு அப்பா வீட்டில் இருப்பதற்குக் காரணமே காற்று இல்லாததுதான். எனக்கு ஜனவரி என்றால் அப்பா முற்றத்தில் கரும்பை வெட்டிக்கொண்டிருப்பது, தூரத்தில் நிற்கிற இறக்கைகள். அந்த ஜனவரியை அப்படியே பெட்டியில் மடித்து எடுத்துக்கொண்டு வந்து இந்த ஊர் மலைமேல் விரித்துவிட்டேன். சிரிக்கலாம் போலத்தான் இருக்கிறது. குன்வோர் கேட்டாள், போன வாரம் கேட்டாள். குன்வோர் என் பேராசிரியை, அறுபது வயசு, முழங்கால் அறுவை முடிந்து இரண்டு மாதம் வீட்டிலிருந்துவிட்டு ஊன்றுகோலோடு வந்திருந்தாள். இங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு ஒவ்வொரு தடவையும் நாக்கு ஒரு மேடத்தைத் தேடிவிட்டுத்தான் குன்வோரைச் சொல்லும். என் அட்டவணையைப் பார்த்து, "ஜனவரி ரொம்பக் குறைவாக இருக்கிறதே, பகவதி?" என்றாள். நான் சொன்னேன், எவ்வளவு தைரியமாகச் சொன்னேன், "ஜனவரியில் காற்று குறைவுதான், எங்கள் ஊரிலும் அப்படித்தான்." அவள் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். "சரிபார்த்துவிட்டாயா?" "பார்த்துவிட்டேன்" என்றேன். பார்க்கவில்லை. அங்கேதான் இருக்கிறது விஷயம். ஐஸ் எனக்குத் தெரியாதது தப்பே இல்லை என்றுகூட வாதாடலாம், பார்க்காமல் பார்த்துவிட்டேன் என்று சொன்னதற்கு என்ன வாதம் இருக்கிறது? கேள்வி கேட்கப்பட்டால் உடனே பதில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்கள், ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படியே பழகிவிட்டது. அன்றைக்கே வாசலில் வைத்து அவள் சொன்னாள், "ஜூனில் உன் விசா முடிகிறது இல்லையா, அடுத்த ஆராய்ச்சித் திட்டத்தில் உன்னைச் சேர்க்க நினைக்கிறேன், இந்த அறிக்கை முடியட்டும்." நான் விடுதிவரை நடக்கவில்லை, மிதந்துதான் போனேன்.

ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்கள், வெள்ளை, பைன் மரங்கள், அப்புறம் உறைந்த ஏரி, அதன்மேல் ஒருவர் முக்காலி போட்டு உட்கார்ந்து ஓட்டையில் மீன் பிடிக்கிறார். அவருக்கு இன்றைக்கு ஒரு கவலையும் இல்லை. பத்தொன்பது நாளையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ஆறு புள்ளி ஐந்து நாலு. இன்னொரு தடவை போட்டேன், இன்னொரு தடவையும் அதே ஐந்து நாலு. ஆகவே வைக்கலாம். அவர்கள் வேண்டாம் என்று கை தூக்கினால் அது என் கையால் தூக்கியதாகும். ஆனால் யாருக்குத் தெரியும்? கம்பம் போய்விடும், தரவு ஒரு கோப்பில் கிடக்கும், யாரும் திறக்கமாட்டார்கள், நான் ஜூனுக்குப் பிறகும் இங்கே இருப்பேன், குன்வோரின் திட்டத்தில் நல்ல பிள்ளையாக, ஐஸைப் பற்றி எல்லாம் தெரிந்தவளாக. வேண்டுமானால் பின்னால் சொல்லலாம். பின்னால் என்றால் எப்போது, கை தூக்கிய பிறகு? முதலில் குன்வோரிடம் மட்டும் தனியாகச் சொல்லலாம், அவள் பார்த்துக்கொள்வாள். அவள் முகம் எப்படிப் போகும்? கத்தமாட்டாள், இந்த ஊரில் யாரும் கத்துவதில்லை, கத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும். கத்தி முடித்துவிட்டால் அப்புறம் சாப்பிடப் போகலாம். இவர்கள் ஒரு நொடி சும்மா இருப்பார்கள், அந்த ஒரு நொடிதான் எனக்குப் பயம்.

அப்பாவைக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. அங்கே மணி இரண்டேகால், சாப்பிட்டுவிட்டு ஷெட்டில் உட்கார்ந்திருப்பார். அப்பா சுயம்புலிங்கம், இருபத்தாறு வருஷமாகக் காற்றாலையில் ஆபரேட்டர், பன்னிரண்டு மிஷின் அவர் பொறுப்பு. "எப்பா" என்று மெல்லத்தான் சொன்னேன், முன் இருக்கைத் தலை ஒன்று திரும்பியது. "என்ன மக்ளே, கிளாஸ் இல்லியா? சாப்ட்டியா? வெளிய எவ்வளவு இருக்கு, மைனஸா?" "மைனஸ் ஒம்போதுப்பா. எப்பா, நான் கணக்குல ஒரு தப்புப் பண்ணிட்டேன்." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், ஐஸ், கிண்ணம், பத்தொன்பது நாள், குன்வோர், ஜூன். நான் முடித்ததும் கேட்டார், "அந்தம்மாவுக்குத் தெரியுமா?" "தெரியாது." "பொறவு என்ன? ஒண்ணும் சொல்லாண்டாம் மக்ளே. காத்து இல்லன்னு எழுதினது எழுதினதா இருக்கட்டு. யாரு பாக்கப் போறா? நம்ம போனது படிக்க, அவ்வொ ஊரு காத்துக்கு நாம என்ன ஜாமீனா? நீ வாயத் தொறந்தா ஒன்னத்தான் சொல்லுவாவ, கேட்டியா?" "எப்பா, அது..." "நான் சொல்லுகதக் கேளு. நான் பட்டது போதும்." வைத்துவிட்டார். நான் பட்டது போதும் என்று அப்பா இதுவரை சொன்னதில்லை. அந்தப் பேச்சையே எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. ஆடி மாதம், பள்ளி விடுமுறை ஏதோ, தூக்குவாளியில் சோறு கொண்டுபோனேன். மிஷின் நின்றால் ஆபரேட்டர் நோட்டில் நேரம் எழுத வேண்டும், பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் மேலேயிருந்து பத்துப் போன் வரும், ஏன் நின்றது, யாரைக் கேட்டு நிறுத்தினாய், எத்தனை யூனிட் போச்சு. அதனால் எல்லா ஆபரேட்டர்களும் பாதிக்குப் பாதி காரணக் கட்டத்தில் எழுதுவது ஒன்றே ஒன்று, காற்று இல்லை. காற்றைப் போய் யாரும் விசாரிக்க முடியாது. அன்றைக்கு ஏழாம் நம்பர் மிஷின் மேலே பேரிங் அலறியிருக்கிறது. அப்பா யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டார், நிறுத்தியிராவிட்டால் எரிந்திருக்கும் என்று பிற்பாடு எல்லாருமே சொன்னார்கள். நிறுத்தியது சரி. ஆனால் கைப்பழக்கத்தில், நேரத்தை எழுதிவிட்டுப் பக்கத்தில் காற்று இல்லை என்று எழுதிவிட்டார். ஆடி மாதம். ஆரல்வாய்மொழியில். நான் போகும்போது ஷெட்டில் ஒரு இளம் இஞ்சினியர், சென்னையிலிருந்து வந்தவர், நோட்டை விரித்துப் பிடித்திருக்கிறார், காற்றில் பக்கங்கள் படபடவென்று அடிக்கின்றன, அவர் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறார், "ஆடி மாசம் இங்க காத்து இல்லையா சுயம்பு?" சுற்றி நின்ற ஆறு பேரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை, அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார், வேர்த்துப்போய், என்னைப் பார்க்காமல். பேரிங் அலறியது, நான்தான் நிறுத்தினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போகவில்லை, ஆனால் அன்றிலிருந்து அவர் காத்தில்லா சுயம்பு. டீக்கடையில் காத்தில்லா சுயம்பு, கோவில் கொடை விழாவில் காத்தில்லா சுயம்பு. பள்ளியில் ஒருத்தி என்னைக் காத்தில்லா மகள் என்றாள். அதற்கப்புறம் நான் எங்கேயும் அப்பா பெயரை முழுசாக எழுதினதில்லை. எஸ் என்று ஒரு புள்ளி. இங்கே வருகைப் பட்டியலில் முழுப்பெயர் வாசிப்பார்கள், சுயம்புலிங்கம் என்பதை நாலு துண்டாக உடைத்து வாசிப்பார்கள், யாருக்கும் அது ஒன்றும் இல்லை, எனக்கு மட்டும் காது சூடாகும். இந்தப் படிப்பை எடுத்ததேகூட அதற்காகத்தானோ என்னவோ. காற்றைப் பற்றி என்னிடம் யாரும் சிரிக்கக்கூடாது. கடைசியில் நானும் அதையே எழுதியிருக்கிறேன். பத்தொன்பது நாள், காற்று இல்லை. நோட்டு மட்டும்தான் வேறே.

இறங்கும்போது தலை குளிர்ந்தது, தொப்பியைப் பேருந்திலேயே விட்டுவிட்டேன். போகட்டும், காலையில் அதைப் பிடித்திருக்கவே வேண்டாம். பிடிக்க ஓடாமல் இருந்திருந்தால் காற்றாடியைப் பார்த்திருக்கமாட்டேன், ஆறு புள்ளி இரண்டோடு நிம்மதியாக வந்திறங்கியிருப்பேன். அப்படி இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் உண்மையாகவே ஆசைப்பட்டேன். ஊர்க்கூடத்து வாசலில் எல்லாருடைய காலணிகளும் வரிசையாக இருந்தன, நானும் கழற்றினேன், காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை, அதுவும் இன்றைக்குத்தான். உள்ளே காப்பி வாசம், ஏலக்காய் போட்ட ரொட்டி வாசம், கம்பளிக் காலுறைகளோடு முப்பது பேர். ஸ்டூரே என்னைப் பார்த்துக் கை தூக்கினார். ஊர்ச் சங்கத்தின் செயலாளர் அவர், எழுபதைத் தாண்டியவர், கம்பத்துக்குப் போகும் பாதையில் விழுந்த மரங்களை எனக்காக வெட்டி அகற்றியவர். அதிகம் பேசமாட்டார். இந்தப் பக்கத்துக்காரர்கள் ஆமாம் என்பதற்கு வாயைத் திறப்பதுகூட இல்லை, உதட்டைக் குவித்து ஷுப் என்று காற்றை உள்ளே இழுப்பார்கள், அதுதான் ஆமாம். முதல் மாதம் நான் எதைச் சொன்னாலும் எதிரே இருப்பவர் திடுக்கிட்டு மூச்சிழுக்கிறார் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். குன்வோர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரையில் என் அட்டவணையைப் போட்டுக்கொண்டிருந்தாள். தனியாகச் சொல்லிவிடலாம், இப்போதே, அவள் காதில். மூன்று அடி தள்ளி நின்றேன். "குன்வோர்" என்றேன். "ம்?" என்று திரும்பினாள், சிரித்தாள், "பயமாக இருக்கிறதா? நீ செய்த வேலை, நீயே தொடங்கு." அவ்வளவுதான். எல்லாரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். திரையில் ஆறு புள்ளி இரண்டு. அப்பா ஷெட்டில் சிரித்த சிரிப்பு என் முகத்துக்கு வருவது எனக்கே தெரிந்தது, கன்னம் தானாக இழுபடுகிறது, நல்ல பிள்ளைச் சிரிப்பு, சிரித்துக்கொண்டே ஆறு புள்ளி இரண்டு என்று வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். திரைக்கு முதுகைக் காட்டி அவர்கள் பக்கம் திரும்பினேன்.

"ஜனவரியில் காற்று இருந்தது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "ஜனவரியில் பத்தொன்பது நாள் கருவி உறைந்து நின்றிருக்கிறது. அதைக் காற்று இல்லை என்று நான் எழுதிவிட்டேன். எங்கள் ஊரில் ஜனவரியில் காற்று இருக்காது, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. குன்வோர் சரிபார்த்தாயா என்று கேட்டாள், பார்த்தேன் என்று சொன்னேன். பார்க்கவில்லை. அந்த நாட்களை எடுத்துவிட்டால் ஆறு புள்ளி ஐந்து நாலு வருகிறது. அதையும் வேறு யாராவது சரிபார்க்க வேண்டும்." அப்புறம் அந்த ஒரு நொடி வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நீளமாக இருந்தது. யாரோ காப்பிக் கரண்டியை மெல்லத் தட்டில் வைத்தார்கள். ஷுப் என்றது. ஸ்டூரே. "அந்த ஜனவரியில்தான் என் கொட்டகைக் கூரை போனது" என்றார், "கருவிக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும் என்று சும்மா இருந்துவிட்டோம்." யாரும் சிரிக்கவில்லை. குன்வோரின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போயிருந்தது. வேறு எதுவும் வந்திருக்கவில்லை. "இன்றைக்குக் கை தூக்க வேண்டாம்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள், "மூன்று வாரம் கொடுங்கள்." என்னிடம், "பிற்பாடு பேசவேண்டும்" என்றாள். என்ன பேசுவாள், ஜூனைப் பற்றியா, ஒன்றும் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை. ஸ்டூரே சங்கத்தின் தடித்த நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். கையால் கோடு போட்ட பக்கம். முடிவு தள்ளிவைக்கப்பட்டது என்று அவரே எழுதியிருந்தார், பக்கத்துக் கட்டம் காலி. "காரணம் நீ எழுது" என்று பேனாவைக் கொடுத்தார். கருவி உறைந்தது, கவனிக்காதது என் தப்பு என்று எழுதினேன். கீழே எஸ் என்று தொடங்கினேன், புள்ளி வைக்கப் போன கையை நிறுத்திக்கொண்டேன். சுயம்புலிங்கம் பகவதி என்று முழுசாக எழுதினேன்.